தெளிந்த நீரில் மீன் சாவதேன்?

புதுத் தோசைக்கல்லில் முதல் நாளே தோசை வார்ப்பவர் இல்லை. எண்ணெய் தடவி, வெங்காயம் தேய்த்து, சில நாள் பழக்கிய பின்னரே கல் ஒட்டாமல் தோசையைக் கொடுக்கும். புது மண்சட்டியும் அப்படியே. அரிசி கழுவிய நீரும் கஞ்சியும் ஊற்றிப் பழக்காமல் அதில் குழம்பு கூட்டுவதில்லை. இவற்றையெல்லாம் பாடம் கேளாமலே அறிந்திருக்கும் நாம், கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கினால் மட்டும் அன்று மாலையே நீரை நிரப்பி, அன்றிரவே அதில் மீனை விட்டுவிடுகிறோம். பத்து நாள் கழியுமுன் மீன் வயிற்றைக் காட்டி மிதக்கிறது. "கண் பட்டுவிட்டது" என்பார் ஒருவர். "கடைக்காரன் நோயாளி மீனைத் தலையில் கட்டிவிட்டான்" என்பார் மற்றொருவர். தண்ணீரைப் பார்த்தால் பளிங்கு போல் இருக்கிறது. பளிங்கு போன்ற நீரில் மீன் சாவானேன்?

இக்கேள்வி எங்கள் தங்கவயலில் வீட்டுக்கு வீடு எழும் கேள்வி. 2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பின்னர், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பாகிய 'லைன்'களில் வாழும் தமிழர் பலர் பெங்களூருக்குப் போய்த்தான் பிழைக்கின்றனர். விடியலில் மாரிக்குப்பத்தில் வண்டி ஏறி இரவில் வீடு திரும்பும் தந்தையர், சம்பள நாளன்று பிள்ளைகளுக்கென்று வாங்கி வரும் பொருள்களுள் ஒன்று, பிளாஸ்டிக் பையில் நீந்தும் இரண்டு வண்ண மீன்கள். அதே வண்டியில் போய் வந்து முதுகலை வேதியியல் படிக்கும் நான், அப்பைகளைப் பலமுறை கண்டிருக்கிறேன். அம்மீன்களுள் பெரும்பாலானவை பிழைத்திருக்க வேண்டியவை. அவற்றைக் காக்கப் பெரும் பணம் வேண்டா; சிறிது வேதியியலும் ஒரு மாதப் பொறுமையும் போதும். அதனை இங்கே விளக்க முயல்கிறேன்.

சாக்கடையும் கண்ணாடியும்

கப்பி மீனை அறியாதவர் இரார். கொசுப் புழுவைத் தின்னும் அச்சிறு மீனைக் கோலார் மாவட்டத்துக் கிணறுகளில் மலேரியா ஒழிப்புக்காக விட்டதுண்டு. கலங்கிய குட்டையிலும், ஏன், சாக்கடையிலும் அது குடும்பம் நடத்தும். அத்தகைய மீன் நாம் கழுவித் துடைத்த தொட்டியில் சாகிறதென்றால், அழுக்கு அதனைக் கொல்லவில்லை என்பது வெளிப்படை. பின் எது கொல்கிறது? தூய்மைதான் கொல்கிறது என்றால் வியப்பாக இருக்கும். ஆயினும் உண்மை அதுவே.

மீன் உண்ணும் தீனியில் புரதம் உண்டு. புரதத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 16 பங்கு நைட்ரஜன். உடலுக்கு வேண்டாத நைட்ரஜனை நாம் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் கழிக்கிறோம். மீனோ அதனை அம்மோனியாவாகவே, பெரும்பாலும் செவுள் வழியே, நீரில் விட்டுவிடுகிறது. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. அதாவது, மீன் தன் கழிவிலேயே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. ஆற்றிலும் கிணற்றிலும் இதனால் தீங்கு நேர்வதில்லை. ஏனெனில் அங்கே கல்லிலும் மண்ணிலும் சுவரிலும் வழுவழுப்பாகப் படிந்திருக்கும் படலத்தில் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. அவற்றுள் ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. மற்றொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சே, நைட்ரேட்டோ மிகுதியாகச் சேர்ந்தாலன்றி மீனை வருத்தாது. செடிகள் அதனை உரமாக உண்ணும்.

புதுத் தொட்டியில் இக்குடிகள் இல்லை. அவை தாமே வந்து குடியேறிப் பெருகச் சாதாரணமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பாலைத் திரிக்கும் நுண்ணுயிர் போல அரை மணியில் இரட்டிக்கும் இனம் அன்று இவை. ஒரு முறை இரட்டிக்கவே ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். முதலில் அம்மோனியா ஏறும். பின்னர் அது இறங்க, நைட்ரைட்டு ஏறும். இறுதியில் அதுவும் இறங்கும். மீன் வளர்ப்போர் இதனைச் 'சைக்கிளிங்' என்பர். நாம் 'தொட்டி பழகுதல்' என்றே சொல்லலாம். பழகாத தொட்டியில் மீனைக் காப்பதே இக்கட்டுரையின் பொருள்.

தந்தையும் மகனும்

இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு சுவையானது. இங்கிலாந்தில் ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலார் 1850-ஐ ஒட்டி, கண்ணாடித் தொட்டியொன்றில் பொன்மீன்களையும் நீர்ச்செடியையும் நத்தைகளையும் ஒன்றாக வளர்த்துக் காட்டினார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி கொள்ளும்; செடி விடும் பிராண வாயுவை மீன் கொள்ளும்; அழுகும் இலையை நத்தை தின்னும். வீட்டு மீன்தொட்டிக் கலைக்கு அடிப்படை இட்டவருள் அவர் ஒருவர். ஆயினும் அத்தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத நான்காவது குடி ஒன்று இருந்ததை அவர் அறியார்.

1877-இல் பிரான்சில் ஷ்லேசிங், முன்ட்ஸ் என்னும் இருவர், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயில் கழிவுநீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கினர். முதல் இருபது நாள் அம்மோனியா அப்படியே வெளிவந்தது. பின்னர் நைட்ரேட்டு தோன்றியது. குளோரோபாரம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. மண் கரைசல் சிறிதை ஊற்றியதும் சில நாளில் மீண்டும் தொடங்கியது. ஆகவே இது வெறும் வேதிவினை அன்று, உயிர்களின் வேலை என்பது உறுதியாயிற்று. மாற்றம் இரு படிகளில், இருவேறு உயிர்களால் நிகழ்வதைப் பின்னர் ஆராய்ந்து காட்டியவர் யார் தெரியுமா? ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய மற்றொரு ராபர்ட் வாரிங்டன். மீன்தொட்டி வாரிங்டனின் மகன்! தந்தையின் தொட்டியில் மறைந்திருந்த புதிரை மகன் வயல் மண்ணில் ஆராய்ந்தார். அந்நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுக்கும் பேறு மட்டும் 1890-இல் உருசிய அறிஞர் வினோகிராட்ஸ்கிக்கு வாய்த்தது.

கதை அத்துடன் முடியவில்லை. அம்மோனியாவை உண்ணும் 'ஆர்க்கியா' என்னும் வேறு வகை நுண்ணுயிரை 2005-இல் பிரித்தெடுத்தனர். கிடைத்த இடம் அமெரிக்காவில் சியாட்டில் மீன் காட்சியகத்தின் கடல்நீர்த் தொட்டி. இரு படிகளையும் ஒரே உயிர் செய்து முடிப்பதை 2015-இல் கண்டனர். அதைக் கண்ட இரு குழுக்களுள் ஒன்று ஆராய்ந்தது மீன் வளர்ப்புப் பண்ணையின் வடிகட்டியை. மீன்தொட்டியைச் சிறுவர் விளையாட்டு என்று தள்ளிவிட வேண்டா.

ஷ்லேசிங்கின் குழாயை மறவாதீர்கள். நம் தொட்டிக்கு வேண்டிய பாடம் மூன்றும் அதில் இருக்கின்றன. ஒன்று, காத்திருக்க வேண்டும். இரண்டு, நச்சு மருந்து பட்டால் குடிகள் அழியும். மூன்று, பழைய இடத்திலிருந்து சிறிது எடுத்து ஊற்றினால் வேலை விரைவில் தொடங்கும். பாலுக்கு உறைமோர் இடுவதைப் போன்றது இது.

நம்மூர்த் தண்ணீர்

இனி, எங்கள் ஊரின் தண்ணீரைப் பார்ப்போம். தங்கவயலுக்குப் பாலாற்றின் பெத்தமங்கலம் ஏரி நீர் பெயர் பெற்றது. ஆயினும் இன்று பல வீடுகளுக்கு ஆழ்குழாய்க் கிணற்று நீரும் லாரி நீருமே துணை. ஆழ்குழாய் நீர் பெரும்பாலும் கடின நீர். காரத்தன்மை சற்று மிகுந்தது. மீனுக்கு இதில் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு.

அம்மோனியா நீரில் இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று அம்மோனியம், அது அவ்வளவாகத் தீங்கு செய்யாது. மற்றொன்று கட்டற்ற அம்மோனியா. செவுளைத் தாக்குவது அதுவே. எது எவ்வளவு என்பதை நீரின் பி.எச். எண் முடிவு செய்கிறது. வெப்பம் 25 பாகை செல்சியசில், பி.எச். 7 ஆனால், நூற்றுக்கு அரைப் பங்குக்குச் சற்று மேல் மட்டுமே நஞ்சு வடிவம். பி.எச். 8 ஆனால் நூற்றுக்கு 5 பங்குக்கு மேல். பி.எச். 9 ஆனால் நூற்றுக்கு 36 பங்கு. அதே அளவு அம்மோனியா, நீர் மாறினால் பத்து மடங்கு கொடியதாகிறது. இது தீமை. நன்மை யாதெனில், நம் நுண்ணுயிர்க் குடிகளுக்குக் காரத்தன்மை உணவு போன்றது. கடின நீரில் அவை செழிக்கும்.

பெங்களூரிலிருந்து பையில் வரும் மீனுக்கும் இக்கணக்கே பொருந்தும். இரண்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயணத்தில், கட்டிய பைக்குள் மீன் விடும் கரியமில வாயு நீரில் கரைந்து பி.எச். எண்ணை இறக்குகிறது. சேர்ந்த அம்மோனியாவும் அதனால் பெரும்பாலும் தீங்கற்ற வடிவில் அடங்கிக் கிடக்கும். பையை அவிழ்த்தவுடன் கரியமில வாயு வெளியேறும், பி.எச். ஏறும், அடங்கியிருந்த நஞ்சு தலையெடுக்கும். ஆகவே வீடு சேர்ந்ததும் பையைக் கட்டியபடியே கால் மணி நேரம் தொட்டி நீரில் மிதக்க விட்டு, வெப்பம் ஒத்தவுடன் அவிழ்த்து, மீனை மட்டும் வலையில் எடுத்து உடனே தொட்டியில் விட வேண்டும். கடைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றலாகாது.

மற்றொரு குறிப்பு. கோலார் மாவட்டத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் நைட்ரேட்டு மிகுதி. 'நைட்ரேட்டு தோன்றினால் தொட்டி பழகிவிட்டது' என்று நூல்கள் சொல்லும். நம்மூரில் அது ஏமாற்றும். குழாய் நீரிலேயே நைட்ரேட்டு இருக்கக்கூடுமே! ஊற்றும் நீரை முதலில் சோதித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் தோன்றி மறைந்தனவா என்பதே நமக்குச் சான்று.

நஞ்சும் மருந்தும்

நைட்ரைட்டு எவ்வாறு கொல்கிறது? அது செவுள் வழியே குருதியில் புகுந்து, உயிர்வளியைச் சுமக்கும் ஈமோகுளோபினை, சுமக்க இயலாத பழுப்புப் பொருளாக மாற்றிவிடுகிறது. நீரில் உயிர்வளி நிறைந்திருந்தும் மீன் மூச்சுத் திணறும். இது மீனுக்கு மட்டும் நேர்வதன்று. நைட்ரேட்டு மிகுந்த கிணற்று நீரில் கலந்த பாலால் கைக்குழந்தைகள் நீலம் பாய்ந்து வாடியதை அமெரிக்க மருத்துவர் ஹன்ட்டர் காம்லி 1945-இல் எழுதினார். நைட்ரேட்டு குழந்தையின் வயிற்றில் நைட்ரைட்டாகிக் குருதியை மாற்றியதே காரணம். நம் நாட்டுக் குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட்டு கூடாதென விதி இருப்பது இதனாலேயே.

இவ்விடத்தில் தங்கவயலார் அறிய வேண்டிய விந்தை ஒன்றுண்டு. பொன்னைப் பிரிக்க எங்கள் ஆலைகளில் பயன்பட்டது சயனைடு. அதன் கழிவு மண் இன்றும் ஊரைச் சுற்றி மேடு மேடாக நிற்கிறது. சயனைடு நஞ்சுக்கு 1930-களில் கண்ட மருந்து இரண்டு உப்புகளின் கூட்டு: சோடியம் நைட்ரைட்டு, சோடியம் தயோசல்பேட்டு. நைட்ரைட்டு குருதியின் ஒரு பகுதியைப் பழுப்பாக்கும். அப்பழுப்புப் பொருள் சயனைடைப் பற்றிக்கொள்ளும். தயோசல்பேட்டு அதனைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றும். மீனைக் கொல்லும் அதே பழுப்புக் குருதி, மருத்துவர் கையில் மனிதனைக் காக்கிறது. தயோசல்பேட்டு வேறெதுவும் அன்று. புகைப்படக்காரர் 'ஹைப்போ' என்று வழங்கிய படிகமே. குழாய் நீரின் குளோரினை முறிக்க மீன் வளர்ப்போர் இடுவதும் அதுவே.

விந்தையோடு ஓர் எச்சரிக்கை. அம்மேட்டு மண் மெல்லியதாய், பார்க்க அழகாய் இருக்கிறதென்று பிள்ளைகள் தொட்டிக்கு அள்ளி வரக் காணலாம். அது தாது அரைத்த கழிவு. மீன்தொட்டிக்கு ஒருபோதும் ஆகாது.

கணக்கும் காவலும்

20 லிட்டர் தொட்டி ஒன்று, அதில் இரண்டு கப்பி மீன்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 0.05 கிராம் தீனி, அதாவது சிட்டிகையிலும் குறைவு, போதும். தீனியில் நூற்றுக்கு 40 பங்கு புரதம் எனக் கொண்டால், அதில் நைட்ரஜன் 3.2 மில்லிகிராம். பாதி அம்மோனியாவாக வெளிவந்தாலும், நாள்தோறும் லிட்டருக்கு 0.08 மில்லிகிராம் ஏறும். நீரை மாற்றாவிட்டால் இருபதாம் நாள் 1.6. பி.எச். 8 ஆன நீரில் அதில் நஞ்சு வடிவம் ஏறத்தாழ 0.09, 0.02-க்கு மேல் நீடித்தாலே செவுளுக்குக் கேடு. பிள்ளை அன்போடு அரைக் கிராம் அள்ளிப் போட்டால், அதே நிலை இரண்டே நாளில் வந்துவிடும். தீனி பாதி மிச்சமாகி அழுகினாலும் தப்ப முடியாது; அதுவும் அம்மோனியாவே.

நாள்தோறும் நாலில் ஒரு பங்கு, அதாவது 5 லிட்டர் மாற்றினால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்: எத்தனை நாள் சென்றாலும் அம்மோனியா 0.32-ஐத் தாண்டாது, நஞ்சு வடிவம் 0.02-க்குள் அடங்கும். எங்கள் லைனில் குழாய் நாள்தோறும் வருவதில்லை. ஆயினும் 15 லிட்டர் குடம் ஒன்று மூன்று நாளுக்குப் போதும். எடுத்த நீரும் வீணன்று. துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் அது நல்ல உரம். தண்ணீர் கிடைக்காத நாளில் தீனியை நிறுத்துங்கள். நலமான வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் பட்டினி தாங்கும், நஞ்சைத் தாங்காது.

ஊற்றும் நீரில் குளோரின் இருந்தால் மீனும் வருந்தும், குடிகளும் அழியும். வாயகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் அகலும். விரைவாக வேண்டுமானால், 10 கிராம் ஹைப்போவை 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்து வைத்து, 5 லிட்டருக்கு அரை மில்லிலிட்டர் சேர்க்கலாம். தொட்டித் தொகுப்பில் பிளீச்சிங் பவுடர் போட்ட அன்று அந்நீரைத் தொடவே வேண்டா. ஆழ்குழாய் நீரையும் இரவு முழுதும் வாளியில் வைத்துக் காற்றுப்பட விடுவது நலம்.

நைட்ரைட்டு ஏறும் வாரத்தில் உப்பு கைகொடுக்கும். உப்பின் குளோரைடு, செவுளின் வாசலில் நைட்ரைட்டோடு போட்டியிட்டு அதனை உள்ளே விடாமல் தடுக்கும். 10 லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பு போதும். நீரை மாற்றும்போது, மாற்றிய நீருக்குரிய உப்பை மட்டும் சேர்க்க வேண்டும்.

குடிகள் வாழ்வது நீரில் அன்று. பஞ்சிலும் கூழாங்கல்லிலும் கண்ணாடியிலும். ஆகவே நீரை மாற்றுவதால் அவை குறைந்துபோகா. பஞ்சு வடிகட்டியைக் குழாயடியில் பிழிந்து 'சுத்தமாக' அலசுவதே அவற்றை அழிக்கும். அழுக்கு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்ல அலசுங்கள். காற்றுக் குழாயை இரவிலும் நிறுத்தாதீர்கள்; ஒரு பங்கு அம்மோனியா நைட்ரஜனை மாற்ற நாலரைப் பங்கு உயிர்வளி வேண்டும். மின்சாரம் நின்றால் குவளையால் நீரை மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள். நண்பர் ஒருவரின் நலமான பழந்தொட்டியிலிருந்து பஞ்சுத் துண்டோ, பிடி கூழாங்கல்லோ கிடைத்தால் அதுவே உறைமோர். காயாமல் அதே நீரில் கொண்டுவந்து இடுங்கள். மிதக்கும் ஆகாயத்தாமரை இரண்டு இருந்தால் அதுவும் அம்மோனியாவை உண்ணும்; நன்கு கழுவிவிட்டு இடவேண்டும்.

மீன் மேற்பரப்பில் வாயைத் திறந்து திணறினாலோ, துடுப்பை ஒடுக்கி மூலையில் நின்றாலோ, செவுள் பழுப்பேறினாலோ காத்திராதீர்கள். உடனே பாதி நீரை, அதே வெப்பமுள்ள நீரால் மாற்றுங்கள், தீனியை நிறுத்துங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரு வாரம் தொடர்ந்து சுழியமாக நின்றால் தொட்டி பழகியது. அதன் பின்னரே மூன்றாவது மீன்.

மீனே இல்லாமலும் தொட்டியைப் பழக்கலாம். உண்மையில் அதுவே மேலானது. வெற்றுத் தொட்டியில் அம்மோனியம் குளோரைடு இட்டு நுண்ணுயிர்களுக்கு உணவூட்டுவது அம்முறை. 20 லிட்டருக்கு 0.15 கிராம் இட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் நைட்ரஜன் கிடைக்கும். இது நமக்குப் புதிய பொருள் அன்று. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் இடும் நவச்சாரமே. ஆனால் கடைச் சரக்கில் கலப்பு இருக்கலாமாதலால், ஆய்வகத் தூய்மையுள்ளதையே கொள்க. அன்று இட்டது மறுநாளுக்குள் முற்றும் மறைந்து, நைட்ரைட்டும் காணாமற்போனால், பெரும்பகுதி நீரை மாற்றிவிட்டு மீனை வரவேற்கலாம். ஓர் உயிரும் வருந்தாமல் வேலை முடிந்துவிடும்.

தொட்டிக்கு வெளியே

இவ்வளவு சிறு தொட்டிக்கு இத்தனை பேச்சா என்று நண்பர்கள் நகைக்கலாம். 2016 மார்ச்சில் பெங்களூர் அல்சூர் ஏரியில் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்ததை நினைவில் கொள்க. கழிவுநீர் புகுந்து உயிர்வளி குன்றிய ஏரி, நிலை கெட்ட பெரிய தொட்டியே. 2018 முதல் பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்புகின்றனர். அச்சுத்திகரிப்பு நிலையங்களில் அம்மோனியாவை மாற்றப் பாடுபடுவன, நம் பஞ்சில் வாழும் அதே இனத்துக் குடிகளே. அந்த ஏரி நீர் நல்லதா என்று நாளை கேள்வி கேட்க வேண்டிய தலைமுறைக்கு, வீட்டுச் சன்னலோரத் தொட்டியே முதல் ஆய்வுக்கூடமாகட்டும்.

'ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவில்லை' என்பது நம் பழமொழி. விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே! தம்பி தங்கையருக்கு மீன் வாங்கித் தர எண்ணினால், இம்முறை தொட்டியையும் பஞ்சையும் மட்டும் வாங்கிச் செல்லுங்கள். நுண்ணுயிர்களுக்கு உணவூட்டும் பொறுப்பையும், சோதனைத் துளிகளின் நிறத்தை நாள்தோறும் ஏட்டில் குறித்துவரும் பொறுப்பையும் அப்பிள்ளைகளிடமே விடுங்கள். மீனை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.